சத்திரசிகிச்சை ஆய்வு வெளியீட்டில் பெண்களுக்கு உரிய இடம் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர், செயற்குழுவினர்,
பெண் வைத்தியர் சங்கம்,
அலுவிகாரை, மாத்தளை மாவட்டம்.

பெறுநர்:
செயலாளர், சுகாதார அமைச்சு
தவிசாளர், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு
பணிப்பாளர், பட்டப்பின் மருத்துவ நிறுவகம், கொழும்புப் பல்கலைக்கழகம்
தலைவர், இலங்கை சத்திரசிகிச்சையாளர் கல்லூரி

பொருள்: சத்திரசிகிச்சைத் துறைப் பெண் விரிவுரையாளர்களும் பயிலுநர்களும் ஆய்வு வெளியீட்டில் எதிர்கொள்ளும் பாகுபாட்டைக் களைதல் தொடர்பாக.

மதிப்புக்குரியவர்களே,

அலுவிகாரையில் கூடிய எமது சங்கத்தின் பொதுக்கூட்டம் ஏகமனதாக நிறைவேற்றிய கோரிக்கைகளைத் தங்கள் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிக்கிறோம். வாய்வழியே காக்கப்பட்டு வந்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில், இவ்வூரின் குகை விகாரையிலேயே முதன்முதலாக ஏட்டில் ஏறியது. சத்திரசிகிச்சை அறிவும் எழுத்தில் ஏறினால்தான் நிலைக்கும். அது யாருடைய பெயரில் ஏறுகிறது என்பதே இம்மனுவின் விடயம்.

பின்னணி

1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவக் கல்லூரி 1892இல்தான் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. இன்று மருத்துவ பீடங்களுக்கு அனுமதி பெறுவோரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆயினும் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் பதவிகளில் பெண்கள் மிகச் சிலரே. அப்பதவிக்குப் போகும் வழி ஆய்வுக் கட்டுரைகளே என்பதால் இந்த இடைவெளியையும் அங்கேதான் தேட வேண்டும்.

அமெரிக்க மருத்துவர்கள் எழுதிய கட்டுரைகளை ஆராய்ந்து 2006இல் வெளிவந்த ஆய்வொன்று இதைத் துலக்கமாகக் காட்டுகிறது. முன்னணி மருத்துவ இதழ்களில் முதல் ஆசிரியர்களுள் பெண்களின் பங்கு 1970இல் 5.9 வீதம், 2004இல் 29.3 வீதம். ஆனால் ‘அனல்ஸ் ஒவ் சேர்ஜரி’ என்ற சத்திரசிகிச்சை இதழில் அது 2.3 வீதத்திலிருந்து 16.7 வீதத்துக்கு மட்டுமே உயர்ந்தது. அதே இதழில், வழிநடத்திய மூத்தவரின் பெயர் வரும் கடைசி இடத்தில் 2004இலும் பெண்கள் 6.7 வீதமே. கொவிட் தொற்றின் தொடக்க மாதங்களில் வெளிவந்த கொவிட் கட்டுரைகளில், பெண் முதல் ஆசிரியர்களின் பங்கு அவை வெளிவந்த இதழ்களின் 2019ஆம் ஆண்டு நிலையை விட 19 வீதம் குறைவு என இன்னோர் ஆய்வு கண்டது. வீட்டுச்சுமை கூடும்போது முதலில் நின்றுபோவது பெண்ணின் எழுத்து வேலைதான்.

நாம் கண்டவை

எமது உறுப்பினர் ஒருவர் பயிலுநராக இருந்த காலத்தில், கடமை முடிந்த பின் பதிவேட்டு அறையில் அமர்ந்து, ஹேர்னியா நோயாளரின் பழைய பெட் ஹெட் டிக்கெட் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். வலை வைக்கப்பட்டதா, காயம் சீழ் கட்டியதா, எத்தனையாம் நாள் வீடு திரும்பினார் என எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினார். முதல் வரைவையும் அவரே எழுதினார். அவர் பிரசவ விடுமுறையில் இருந்தபோது கட்டுரை இதழுக்கு அனுப்பப்பட்டது. அச்சில் வந்தபோது அவர் பெயர் நான்காவதாக இருந்தது. இறுதித் திருத்தங்களை வேறொருவர் செய்தார் என்பதே அவருக்குச் சொல்லப்பட்ட காரணம். எவரிடம் முறையிடுவது என்பதற்கு எழுதப்பட்ட வழி எதுவும் அவருக்குக் காட்டப்படவில்லை.

பெயர் மாற்றமும் எம்மவர்க்கு ஒரு பெருந்தடை. திருமணத்துக்கு முன் தந்தையின் பெயரோடும் பின் கணவரின் பெயரோடும் வெளிவந்த கட்டுரைகள், தேடுதளங்களில் இரு வேறு ஆட்களுடையவையாகப் பிரிந்து கிடக்கின்றன.

மூத்தவர்கள் இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னை சாட்சி. 1968இல் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பட்டம் பெற்று, ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் சத்திரசிகிச்சையாளர்களுள் ஒருவரான டி.எஸ். கனகாவின் பெயர், பேராசிரியர்கள் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம் ஆகியோரின் பெயர்களோடு ஆய்விதழ்களில் வெளிவந்தது. அவருக்குச் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் இடம் கிடைத்தது. கட்டுரையிலும் இடம் கிடைத்தது.

இது எமது பதவி உயர்வு பற்றிய கவலை மட்டுமன்று. பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவக் கட்டுரைகளை ஆராய்ந்த 2017ஆம் ஆண்டு ஆய்வொன்று, பெண்கள் ஆசிரியர்களாக உள்ள கட்டுரைகளிலேயே ஆண், பெண் நோயாளரிடையிலான வேறுபாடு கூடுதலாகக் கவனிக்கப்படுகிறது எனக் கண்டது. இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்புப் புற்றுநோய். மார்பில் கட்டியை உணர்ந்தும் கூச்சத்தால் மாதக்கணக்கில் மறைத்துவிட்டு வரும் தோட்டத்துத் தாய்மாரை மாத்தளையில் நாம் அன்றாடம் காண்கிறோம். அவர்கள் மனம் விட்டுப் பேசுவது பெண் வைத்தியரிடமே. அந்தப் பேச்சு ஆய்வாக எழுத்தில் ஏறாவிட்டால் சிகிச்சைத் திட்டங்களிலும் ஏறாது.

கோரிக்கைகள்

1. சத்திரசிகிச்சைத் துறையின் முதல் ஆசிரியர், கடைசி ஆசிரியர், ஆய்வு நிதி பெற்றோர், பதவி உயர்வு பெற்றோர் ஆகிய விபரங்களைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண், பெண் வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

2. ஆய்வு தொடங்கும் நாளிலேயே ஆசிரியர் வரிசை எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டு ஒப்பமிடப்பட வேண்டும். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த ஆசிரியத் தகுதிகளே அதற்கு அளவுகோலாக வேண்டும். விடுமுறையில் இருப்பவரின் ஒப்புதலின்றி வரிசை மாற்றப்படலாகாது.

3. ஆசிரியத் தகராறுகளை விசாரிக்க, துறைக்கு வெளியே உள்ளோரையும் பெண் உறுப்பினரையும் கொண்ட குழுவொன்றைப் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் அமைக்க வேண்டும். முறையிடும் பயிலுநரின் பயிற்சி மதிப்பீட்டுக்குப் பாதகம் வராதவாறு உத்தரவாதம் தரப்பட வேண்டும்.

4. தாபனக் கோவை வழங்கும் 84 வேலைநாள் முழுச்சம்பளப் பிரசவ விடுமுறையும் அதைத் தொடரும் அரைச்சம்பள, சம்பளமற்ற விடுமுறைகளும் ஆய்வு நிதிக் காலத்திலும் பதவி உயர்வுக் காலக்கணிப்பிலும் கழித்துப் பார்க்கப்பட வேண்டும்.

5. இலங்கை சத்திரசிகிச்சையாளர் கல்லூரியின் ஆய்விதழில் எழுதியவர் பெயரும் மதிப்பிடுபவர் பெயரும் ஒருவருக்கொருவர் தெரியாத மதிப்பீட்டு முறை நடைமுறையில் இருக்க வேண்டும். அவ்விதழின் பதிப்பாசிரியர் குழுவில் பெண்களுக்குப் போதிய இடம் வேண்டும்.

6. ஒவ்வொரு பயிலுநரும் ஓர்கிட் (ORCID) எனும் 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண் பெறுவதும், பெயர் மாறினாலும் பழைய கட்டுரைகள் அவர் கணக்கிலேயே சேர்வதும் உறுதிசெய்யப்பட வேண்டும்.

7. மாவட்ட வைத்தியசாலைகளின் பயிலுநர்களுக்கு வாரத்தில் ஓர் அரைநாள் ஆய்வு நேரம், புள்ளிவிபரவியல் உதவி, மூத்த வழிகாட்டி ஒருவர் என்பவற்றை சுகாதார அமைச்சு வழங்க வேண்டும். ஆய்வுக் கூட்டங்கள் கடமை நேரத்துக்குள் நடைபெற வேண்டும்.

இவற்றுள் பலவற்றுக்குப் புதிய சட்டமோ பெருந்தொகைப் பணமோ தேவையில்லை. சுற்றறிக்கையும் அதை நடைமுறைப்படுத்தும் மனமும் போதும். முதலாவது கோரிக்கையை இவ்வாண்டிலேயே நிறைவேற்றித் தருமாறு விசேடமாக வேண்டுகிறோம். உண்மை நிலை எண்ணில் தெரிந்தால் ஏனையவற்றைப் பற்றி நாம் ஒரே மேசையில் பேசலாம்.

மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலப் பதிலையும், எமது பிரதிநிதிகள் தங்களை நேரில் சந்திக்க ஒரு தினத்தையும் தந்துதவுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இவ்வண்ணம்,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர்
செயலாளர்
பொருளாளர்