சின்சில்லாவும் சித்திரை வெயிலும்

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பத்தாவது படிக்கும் மகளின் பிடிவாதத்தால் சின்சில்லா வாங்கி இரண்டு வாரமாகிறது. கையை நீட்டினாலே மூலைக்கு ஓடுகிறது. நேற்று பிடித்தபோது கொத்தாக முடி கையோடு வந்துவிட்டது. ஏதாவது நோயா?"

நோய் இல்லைங்க, பயம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் கழுகும் நரியும் பிடிக்கும்போது முடியை மட்டும் விட்டுவிட்டுத் தப்பிக்கிற உயிர் இது. உங்கள் மகளின் கையும் அதற்கு இப்போதைக்குக் கழுகுதான்.

அதனால் இன்னும் ஒரு வாரம் தொடவே வேண்டாம். பகலில் அது தூங்கும். பொழுது சாய்ந்த பிறகு கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மகள் பாடம் படிக்கட்டும். குரலும் வாசனையும் பழகட்டும். பிறகு உள்ளங்கையில் ஓரிரு ஓட்ஸை வைத்து, கையை அசைக்காமல் கூண்டுக்குள் நீட்டச் சொல்லுங்கள். மேலிருந்து கை போகக்கூடாது. அதுவாகக் கைமேல் ஏறிய பிறகே தூக்கலாம். அப்போதும் நெஞ்சை அழுத்தாமல், பின்னங்கால்களுக்கு அடியில் ஒரு கை. பின்னங்காலில் நிமிர்ந்து நின்று சிறுநீரைப் பீய்ச்சினால், "இன்றைக்குப் போதும்" என்று அர்த்தம். பழக மாதக்கணக்கில் ஆகலாம். பழகினாலும் மடியில் சுருண்டு படுக்கும் ஜாதி இல்லை, தோளில் ஏறித் தாவும் ஜாதி.

எனக்குக் கவலை இதில் இல்லை, வெயிலில்தான். ஒரே முடிக்காலில் 60 முடி வரை அடர்ந்த கம்பளியைப் போர்த்தியிருக்கும் பிராணிக்கு வியர்க்காது. 20 டிகிரி சுகம், 27-ஐத் தாண்டினால் ஆபத்து. நம் ஊரில் மார்கழிப் பகலே அந்த அளவை எட்டிவிடும். 1923-ல் மத்தியாஸ் சாப்மன் என்பவர் சிலியிலிருந்து 11 சின்சில்லாக்களை கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். மலையிலிருந்து மெதுவாகக் கீழே இறக்கி, வழியெல்லாம் ஐஸ் வைத்துத்தான் காப்பாற்றினார். மின்விசிறி போதாது. ஏ.சி. இரவும் பகலும் ஓட வேண்டும்.

மின்சாரம் போனால்? 2011-ல் தானே புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர் இது. ஏ.சி.யைத் தாங்கும் ஜெனரேட்டரோ, குளிர்ந்த அறையுள்ள உறவினர் வீடோ கைவசம் இருக்கட்டும். காது சிவந்து, மூச்சிரைத்து, பக்கவாட்டில் படுத்துவிட்டால் உடனே குளிர்ந்த அறைக்கு மாற்றி, தரையில் கிரானைட் பலகை வைத்துவிட்டு, மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள்.

இன்னொருவர், 'குளிக்க வைக்க பீச் மணலைச் சலித்துப் போடலாமா' என்கிறார். கூடாது. உப்பும் சொரசொரப்பும் முடியைக் கெடுக்கும். மாவு போன்ற எரிமலைத் தூள் இதற்கென்றே விற்கிறது. வாரம் இரண்டு மூன்று முறை பத்து நிமிடம் புரளவிட்டு எடுத்துவிடுங்கள்.

இனிமேல் வாங்க நினைப்பவர்களுக்கு: வேண்டாம். 15 வருடம் வாழக்கூடியது. பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகும் அந்த ஏ.சி.யை அம்மாதான் பார்த்துக்கொள்ள வேண்டும். கினி பிக் என்றால் ஓரளவு சமாளிக்கலாம். அதற்கும் வெயில் ஆகாது, ஆனால் இவ்வளவு மோசமில்லை. தனியாக ஏங்கிப்போகும், ஜோடியாக வாங்குங்கள், இரண்டும் பெண்ணாக. வைட்டமின் சி அதன் உடம்பில் சுரக்காது. புல்லோடு தினமும் குடைமிளகாயோ ஒரு சின்னத் துண்டு கொய்யாவோ கொடுங்கள்.