ஓசை நின்றதற்கு நினைவை அழிப்பதா?

கணினியில் சத்தம் வரவில்லை என்று திருத்தும் கடைக்குக் கொண்டுபோகிறவருக்குப் பல இடங்களில் கிடைப்பது ஒரே பதில்: "ஃபார்மட் அடிக்க வேணும்." மறுநாள் கணினி திரும்பி வருகிறது. சத்தமும் கேட்கிறது. கொடுத்த காசுக்கு வேலை நடந்துவிட்டது என்ற நிறைவோடு வீட்டில் திறந்து பார்த்தால், சேமித்து வைத்திருந்த படங்கள் இல்லை, கடிதங்கள் இல்லை, பிள்ளையின் பாடக் குறிப்புகளும் இல்லை. கேட்டால், "பேக்கப் எடுத்து வைக்கவில்லையா?" என்று நம்மையே குற்றவாளியாக்குகிறார்கள். இதை அறியாமை என்று சொல்லி மன்னித்துவிட என்னால் முடியவில்லை. இது அநியாயம்.

எல்லா ஊரிலும் இது அநியாயம்தான். மூதூர் போன்ற ஊரில் அதைவிடப் பெரியது. கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இருக்கும் அந்த ஊருக்குள் 2004 டிசம்பர் 26 அன்று கடல் புகுந்தது. இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள், 2006 ஆகஸ்டில், சண்டை மூண்டு மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். பெருந்தொகையானோர் கந்தளாய்ப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். கலியாண ஆல்பத்தைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடும் அவகாசம் அந்த இரண்டு முறையும் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? அப்படிப்பட்ட ஒரு வீட்டில், வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஸ்கேன் செய்து அனுப்பிய ஒரு பழைய படம்தான் பாட்டனாரின் முகத்துக்கு மிஞ்சிய சாட்சியாக இருக்கக்கூடும். அது கணினியின் வன்தட்டில் இருக்கிறது. ஒரு வயர் கழன்றதற்காக அதை அழிக்கும் உரிமையை யார் யாருக்குக் கொடுத்தது?

ஃபார்மட் செய்ததும் சத்தம் வந்துவிடுகிறதே என்று கேட்பீர்கள். பல வேளைகளில் வரத்தான் செய்யும். வின்டோஸைப் புதிதாக நிறுவும்போது மாறிக் கிடந்த அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. ஒலிக்கான டிரைவர் மென்பொருளும் மறுபடி ஏறுகிறது. தேவைப்பட்டது அந்த ஒன்றுதான். அதைத் தனியாகவே செய்திருக்கலாம்.

பழுது எங்கே என்று கண்டறிய இரண்டு சோதனைகள் போதும். ஒலிபெருக்கியின் வயரைக் கணினியிலிருந்து கழற்றி, ஒரு கைபேசியிலோ ரேடியோவிலோ செருகிப் பாருங்கள். பாடினால் ஒலிபெருக்கி நலம். அடுத்து, கணினியில் ஹெட்போனைச் செருகிக் கேளுங்கள். அதில் கேட்டால் கணினி நலம். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் திருப்புளியை எடுப்பவர், நாடி பிடிக்காமல் கத்தியை எடுக்கும் வைத்தியருக்குச் சமம்.

குற்றம் ஒலிபெருக்கிப் பக்கம் என்றால், முதலில் அதற்கு மின்சாரம் வருகிறதா, விளக்கு எரிகிறதா, சத்தக் குமிழ் அடியோடு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்டால், செருகிக்கு அருகே வயர் உள்ளே அறுந்திருக்கலாம். குமிழைத் திருகும்போது கரகரத்தால் உள்ளே தூசு. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று செருகியின் உலோகத்தில் களிம்பு ஏற்றிவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, துளையில் சிலமுறை செருகி எடுத்தாலே பல வேளைகளில் சத்தம் திரும்பிவிடும். இடைவிடாத ரீங்காரம் கேட்டால், எர்த் இணைப்பைச் சந்தேகியுங்கள்.

குற்றம் கணினிப் பக்கம் என்றால், செருகிய துளை சரியா என்று பாருங்கள். பச்சை ஒலிபெருக்கிக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு. பெரும்பாலான மேசைக் கணினிகளில் இந்த நிறங்கள்தான். பிறகு திரையின் கீழ்மூலையில் உள்ள ஒலிபெருக்கிச் சின்னம். அதில் குறுக்குக்கோடோ பெருக்கல் குறியோ இருந்தால் சத்தம் மூடிக்கிடக்கலாம். இல்லையென்றால், ஒலி எந்தக் கருவிக்குப் போகிறது என்று அங்கேயே பாருங்கள். எச்.டி.எம்.ஐ. வயரில் தொலைக்காட்சியை இணைத்தாலோ புளூடூத் கருவியைச் சேர்த்தாலோ, கணினி ஒலியை அங்கே திருப்பிவிடுவது உண்டு. பட்டியலில் நம் ஒலிபெருக்கியைத் தெரிவு செய்தால் வேலை முடிந்தது. அதற்கும் மசியாவிட்டால் டிரைவரை மட்டும் நீக்கி, கணினியை மீள இயக்குங்கள். கணினியின் ஒலிப்பகுதி உண்மையாகவே பழுதாகியிருந்தால்கூட, யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறிய ஒலி அடாப்டர் ஒன்று போதும். இவற்றில் எந்தப் படியிலும் வன்தட்டை அழிக்க வேண்டிய தேவை எழவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. தேடிக் கண்டுபிடிப்பதற்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று தெரியாது. ஃபார்மட்டுக்கு நேரமும் தெரியும், கூலியும் தெரியும். "வயரை மாற்றிச் செருகினேன், கூலி தாருங்கள்" என்று அவர் கேட்டால், "இதற்குமா காசு?" என்று நாமே சண்டை பிடிப்போம். கைவேலைக்குக் கூலி கொடுத்து அறிவுக்குக் கூலி மறுக்கும் நமது கஞ்சத்தனமும் இந்த வழக்கத்தை வளர்த்திருக்கிறது. ஆனால் கேட்காமல் அழிப்பதற்கு அது சமாதானம் ஆகாது.

மூதூர்க் கரைக்கு இந்த விடயத்தில் ஒரு பழைய கதை உண்டு. புயலில் பாய்மரம் இழந்த ஆங்கிலேயக் கப்பலொன்று அதைச் சீர்செய்யவே கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அதில் வந்த ராபர்ட் நொக்ஸ் 1660இல் பிடிபட்டு, ஏறத்தாழ 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்தார் என்பது வரலாறு. பாவம், அவருடைய விதி அப்படி. ஆயினும் அந்த மாலுமிகள் தேடி வந்தது புதிய பாய்மரத்தைத்தான். மரம் போயிற்றே என்று அவர்கள் கப்பலைக் கொளுத்திவிடவில்லை.

ஆகவே, இனிமேல் கணினியைக் கடையில் ஒப்படைக்கும்போது மூன்று காரியம் செய்யுங்கள். படங்களையும் கடிதங்களையும் முதலில் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். "என்னைக் கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது" என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். பழுதைக் கண்டறிந்ததற்கான கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள். மூன்றுக்கும் சம்மதிக்காத கடையிலிருந்து கணினியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். சத்தம் இல்லாமல் இன்னும் சில நாள் இருக்கலாம்.