அனுப்பலாமா, மாமா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் என் அக்கா மகனோடு வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். பையன் கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறான். ரசம் வருவதற்குள் கைப்பேசியை என் பக்கம் நகர்த்தினான்.

"மாமா, இதைப் பாருங்க. எங்க தாமான் புலனக் குழுவுல வந்துச்சு."

நான்கு பக்கக் கடிதம். ஏதோ அலுவலகத்தில் அவசரமாகப் படம் பிடித்தது போல ஓரங்கள் சாய்ந்திருந்தன. மேலே சிவப்பு எழுத்தில் 'சூலிட்' என்று முத்திரை. அவர்கள் வீட்டுப் பின்புறம் இருக்கும் ஒரு நிலத்தைப் பற்றிய கடிதம் அது. மழை நீர் தேங்கும் குளத்துக்கென்று ஒதுக்கிய நிலம் என்றுதான் அங்கே குடியிருப்பவர்கள் இதுவரை நம்பியிருக்கிறார்கள். கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை நான் இங்கே சொல்ல முடியாது. ஏன் என்பது இன்னும் இரண்டு பத்தியில் தெரியும்.

2021 டிசம்பர் வெள்ளத்தில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் இடுப்பளவுக்குத் தண்ணீர். அக்காவின் தையல் மெஷின் முதல் சாமி படங்கள் வரை எல்லாம் போயின. அதனால் அந்த நிலத்தின் கதை அவனுக்கு வெறும் அரசியல் செய்தி அல்ல.

"இதை முகநூல்ல போடலாமா? இல்ல, நாலு பேருக்கு அனுப்பவாவது அனுப்பலாமா, மாமா?"

பல வருடமாகப் பேச்சுரிமை, தகவல் உரிமை என்று இதே பக்கத்தில் எழுதி வருபவன் நான். வாயில் வந்த பதில் ஒரே வார்த்தைதான். "அழிச்சுடு."

சட்டம் தெரிந்ததால் வந்த பயம் அது. 1972-ஆம் ஆண்டின் அதிகாரத்துவ ரகசியக் காப்புச் சட்டம் நம்மில் பலருக்குப் பெயரளவில்தான் பழக்கம். ரகசிய ஆவணத்தை வெளியே கொடுத்த அதிகாரி மட்டும்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி அல்ல. கொடுக்கக் கூடாத வழியில் வந்தது என்று தெரிந்தே வாங்குவதும் குற்றம்தான். அடுத்தவருக்கு அனுப்பினால் கேட்கவே வேண்டாம். குறைந்தபட்சம் ஒரு வருடச் சிறை, அதிகபட்சம் ஏழு வருடம்.

இந்தக் கட்டாயச் சிறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1985-இல் 'நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' நிருபர் சாப்ரி ஷாரிஃபுக்கு 7,000 வெள்ளி அபராதம். அதே ஆண்டு 'ஃபார் ஈஸ்டர்ன் எகனாமிக் ரிவியூ' இதழின் ஜேம்ஸ் கிளாடுக்கு 10,000 வெள்ளி. அபராதத்தைக் கட்டிவிட்டுப் பத்திரிகைக்காரர்கள் மறுபடி எழுத வந்துவிடுவார்கள் என்று அரசாங்கம் நினைத்ததோ என்னவோ, 1986-இல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தின் இடத்தில் சிறையை வைத்தார்கள். பத்திரிகையாளர் சங்கம் எதிர்த்துப் பார்த்தது. பலிக்கவில்லை.

அதே திருத்தத்தில் இன்னொன்றும் வந்தது. ஒரு காகிதம் ரகசியம் என்று அதிகாரம் உள்ளவர் சான்று கொடுத்துவிட்டால் அதுவே முடிவு. அதை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்கிறது சட்டம். என்னைக் கேட்டால், சிறைத் தண்டனையைவிட இதுதான் பெரிய கோளாறு. இந்த ரகசியத்தால் நாட்டுக்கு என்ன பாதுகாப்பு, இது வெளியானதால் யாருக்கு என்ன கேடு என்று ஒரு நீதிபதிகூடக் கேட்க முடியாவிட்டால், பிறகு எல்லாமே முத்திரை வைத்திருப்பவரின் மனசுதான்.

அந்த மனசு எப்படி வேலை செய்யும் என்று அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். "அண்ணே, மேசையில நாலு முத்திரை இருக்கும். தெர்ஹாட், சூலிட், ரஹ்சியா, ரஹ்சியா பெசார். எது கைக்குக் கிட்ட இருக்கோ அதைக் குத்துவோம். குத்தாம விட்டா நாளைக்கு நம்மளைக் கேட்பாங்க. குத்தினதுக்காக இதுவரைக்கும் எவனும் எவனையும் கேட்டதில்ல." கேண்டீன் மேசை நாற்காலி வாங்கிய கடிதத்துக்குக்கூட ஒருமுறை 'சூலிட்' போட்டாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வராத ஒரு விஷயமும் உண்டு. கிள்ளான்காரர்களுக்கு 2005 ஆகஸ்ட் மறக்காது. புகைமூட்டம். சுமத்ராவில் காடு எரிய, இங்கே போர்ட் கிள்ளானில் எதிர் வீடு தெரியவில்லை. அப்போது என் சின்ன மகளுக்கு ஆறு வயது. மழை பெய்தாலே இளைப்பு வரும் பிள்ளை. இரவெல்லாம் அவளை நிமிர்த்தி உட்கார வைத்து நானும் மனைவியும் மாறி மாறி முதுகைத் தடவிக்கொண்டிருந்தோம். வாரம் இரண்டு முறை கிளினிக். அங்கே மூக்கில் குழாயை மாட்டி, மருந்துப் புகை பிடிக்க வைத்து அனுப்புவார்கள்.

காற்று எவ்வளவு மோசம் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு என்று ஒன்று இருப்பது தெரியும். ஒவ்வொரு நாளும் அளக்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனால் பல ஆண்டுகளாகவே அந்த எண்ணை மக்களுக்குச் சொல்வதில்லை. அது அதிகாரத்துவ ரகசியம். சுற்றுப்பயணிகள் பயந்து வராமல் போய்விடுவார்களாம்!

ஆகஸ்ட் 11-ஆம் தேதி போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்த வாரம்தான் அரசாங்கம் எண்களை வெளியிட்டது. 500-க்கும் மேல். 100-ஐத் தாண்டினாலே உடம்புக்குக் கேடு, 300-ஐத் தாண்டினால் ஆபத்து என்பதுதான் அந்தக் குறியீட்டின் கணக்கு. பத்திரிகையை மேசையில் விரித்து வைத்து மனைவி என்னைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. முதல் வாரம், "இது வழக்கமான புகைதான்" என்று சொல்லி மகளைப் பள்ளி விளையாட்டுப் பயிற்சிக்கு அனுப்பி வைத்தவன் நான்தான்.

இன்று அதே எண்ணைக் கைப்பேசியில் மணிக்கு மணி பார்க்கிறோம். சுற்றுப்பயணிகளும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

டோல் கதை உங்களுக்கு நினைவிருக்கும். 2007 ஜனவரி முதல் நாள் ஐந்து நெடுஞ்சாலைகளில் கட்டணம் ஏறியது. டாமன்சாரா - பூச்சோங் நெடுஞ்சாலையில் ஒரு வெள்ளி, ஒரு வெள்ளி அறுபது சென் ஆனது. நம் பக்கத்துக் கெசாஸில் ஒன்று ஐம்பதிலிருந்து இரண்டு இருபது. ஏன் இவ்வளவு என்று கேட்டால், ஒப்பந்தம் அப்படி என்றார்கள். ஒப்பந்தத்தைக் காட்டுங்கள் என்றால், அது ரகசியம். தினமும் காசு கட்டுகிறவன் எதற்குக் கட்டுகிறோம் என்று பார்க்கக் கூடாது. மளிகைக் கடையில்கூட ரசீது கொடுக்கிறார்களே!

அந்த மாதமே எதிர்க்கட்சியைச் சேர்ந்த காலிட் இப்ராஹிம், தியான் சுவா, ரோனி லியு, டாக்டர் ஹத்தா ரம்லி நால்வரும் டாமன்சாரா - பூச்சோங் ஒப்பந்தத்தின் நகலைப் பத்திரிகையாளர்களிடம் காட்டினார்கள். பொதுப்பணி அமைச்சர் அப்போது நம் டத்தோஸ்ரீ சாமிவேலு. ரகசியச் சட்டத்தை மீறினார்கள் என்று போலீசில் புகார் போனது, விசாரணையும் நடந்தது. இதை எழுதும்போது எனக்குச் சங்கடம்தான். நம் சமுதாயத்துக்கு அவர் செய்தவை பல, அவர் காலமான 2022-இல் இதே பக்கத்தில் அதை எழுதியும் இருக்கிறேன். ஆனாலும் அந்தப் புகார் தவறு. அந்தக் காகிதத்தில் ராணுவ ரகசியம் எதுவும் இல்லை. வண்டி ஓட்டுகிறவர்களின் பணம்தான் இருந்தது.

அடுத்த ஆண்டு மார்ச் தேர்தலில் சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றார். நகலைக் காட்டிய காலிட் இப்ராஹிம் சிலாங்கூர் மந்திரி பெசார் ஆனார். பிறகு அமைச்சே டோல் ஒப்பந்தங்களின் ரகசியத் தகுதியை நீக்கி, பொதுமக்கள் வந்து பார்க்கலாம் என்றது. பூமி பிளந்துவிடவில்லை.

1எம்டிபி தணிக்கை அறிக்கையும் இதே பாதையில்தான் போனது. அதன் 98-ஆம் பக்கத்தை வெளியிட்டதற்காக 2016 நவம்பரில் ரஃபிஸி ரம்லிக்குப் பதினெட்டு மாதச் சிறை விதிக்கப்பட்டது. 2018 மே மாதம் ஆட்சி மாறியதும் அதே அறிக்கை ரகசியம் அல்ல என்று அறிவிக்கப்பட்டது. அறிக்கையில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. மேல்முறையீட்டில் அவருக்குச் சிறை நீங்கி, நன்னடத்தைப் பிணையாக மாறியது. 2022 டிசம்பரில் அமைச்சராகவும் ஆனார்.

இதையெல்லாம் சொன்னால், "அப்போ எல்லாத்தையும் வெளிய விடலாம்லா?" என்றான் மருமகன். விக்கிலீக்ஸ் பெயரையும் இழுத்தான். 2010 நவம்பரில் அமெரிக்கத் தூதரகங்களின் கடிதங்கள் வெளிவரத் தொடங்கியபோது அவன் இரண்டாம் படிவ மாணவன். நம் நாட்டைப் பற்றிச் சிங்கப்பூர் அதிகாரிகள் மூடிய அறைக்குள் பேசியவை அதில் வந்து, டிசம்பரில் சிங்கப்பூர்த் தூதர் டி. ஜசூதாசனை நம் வெளியுறவு அமைச்சு அழைத்து விளக்கம் கேட்டது. உண்மையில் எனக்கு அதில் பெரிய சுவாரசியம் இல்லை. அடுத்த வீட்டுக்காரன் நம்மைப் பற்றி முதுகுக்குப் பின்னால் என்ன பேசுவான் என்பது தெரிந்த கதைதானே. 2011-இல் சென்னையின் 'தி ஹிந்து' வெளியிட்ட கடிதம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. திருமங்கலம் இடைத்தேர்தலில் காலைச் செய்தித்தாளுக்குள் உறையை வைத்து, ஓட்டுக்கு ஐயாயிரம் ரூபாய் வீடு வீடாகப் போனது என்று சென்னைத் துணைத் தூதரகம் வாஷிங்டனுக்கு எழுதியிருந்தது. சம்பந்தப்பட்டவர்கள் மறுத்தார்கள். ஆனால் மதுரைப் பக்கம் டீக்கடையில் எல்லோரும் பேசிய ஒன்று அமெரிக்காவில் ரகசியக் கோப்பாக இருந்திருக்கிறது!

அவனுக்கு நான் சொன்ன மறுபக்கமும் உண்டு. முதலில் பத்திரிகைகள் பெயர்களை மறைத்துத்தான் வெளியிட்டன. 2011 செப்டம்பரில் விக்கிலீக்ஸ் இரண்டரை லட்சம் கடிதங்களையும் மறைக்காமல் அப்படியே கொட்டியது. தூதரகத்துக்கு வந்து உண்மை பேசிய சாதாரண மனிதர்களின் பெயர்களும் அதில் இருந்தன. அதுவரை கூட நின்ற 'தி கார்டியன்', 'நியூயார்க் டைம்ஸ்' போன்ற பத்திரிகைகளே கண்டித்தன. அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பேன்.

நம் ஊரிலேயே 2017-இல் 46.2 மில்லியன் கைப்பேசிச் சந்தாதாரர் விவரங்கள் கசிந்தன. பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம். நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகம்! டோல் ஒப்பந்தமும் என் வீட்டு முகவரியும் ஒன்றல்ல. ஒன்று என்னிடமிருந்து மறைக்கப்பட்ட என் கணக்கு. இன்னொன்று எனக்கு மட்டுமே சொந்தமானது. 'கசிவு' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் கட்டிவிடுவதால்தான் நம் விவாதங்கள் எங்கும் போய்ச் சேர்வதில்லை.

மருமகன் கையில் இருந்த காகிதத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது உண்மையா? கணக்காய்வாளன்தானே, அவனே சொன்னான். "மூணாம் பக்கத்துல எழுத்துரு மாறுது மாமா." ஐந்து நிமிடத்தில் யார் வேண்டுமானாலும் இப்படி ஒன்றைச் செய்யலாம். போலியாக இருந்தால் பொய் பரப்பிய குற்றம், உண்மையாக இருந்தால் ரகசியம் பரப்பிய குற்றம். அனுப்புகிறவனுக்கு இரண்டு பக்கமும் அடி.

மோர் குடித்து முடிக்கும்போது கேட்டான். "சரி மாமா, 2005-ல யாராவது ஒரு கிராணி அந்த எண்ணை உங்களுக்குச் சொல்லியிருந்தா, அழிச்சுடுன்னு சொல்லியிருப்பீங்களா?"

நான் இலையை மடித்தேன். பதில் சொல்லவில்லை.

ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது வேறு வழி ஒன்றைச் சொன்னேன். சிலாங்கூரில் 2011 முதல் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. நாட்டிலேயே அப்படிச் சட்டம் செய்த முதல் மாநிலங்களில் ஒன்று. பாரம் எழுதி, கட்டணம் கட்டி, அந்த நிலம் எதற்கு ஒதுக்கப்பட்டது என்று முறையாகக் கேட்கலாம். "ரகசியம்னு முத்திரை இருந்தா?" என்றான். இருந்தால் மறுக்கலாம், அதுவும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தான்.

இருந்தாலும் எழுதிப் போட்டிருக்கிறான். தாமானில் பதினொரு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கையெழுத்திட்டார்கள், அக்காவும் போட்டாள். இந்தப் பத்தியை அச்சுக்குக் கொடுக்கும் நாள்வரை பதில் இல்லை. நேற்று இரவு அதே நான்கு பக்கம் எங்கள் கோயில் புலனக் குழுவிலும் வந்து விழுந்தது. கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "எல்லாருக்கும் அனுப்புங்க."