மாற்றாட்டக்காரர்

சென்ற வாரம் பழுகாமத்து வாவிக்கரையில் மாணாக்கர் இருவர் கடுமையாக வாதிட்டுக்கொண்டிருந்தனர். தொடர்ந்து தோற்றுவரும் எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகம், பெரும்பாலும் மாற்றாட்டக்காரராகவே இருந்த ஒருவரை இவ்வாண்டும் சேர்த்துக்கொண்டதே காரணம்.

"தோற்கும் அணிக்கு இளைஞரல்லவோ தேவை, சேர்?" என்றான் ஒருவன். "அவர்கள் பழகும்வரை தாங்குவது யார்?" என்றான் மற்றவன்.

நான் 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கை நினைவூட்டினேன். இந்திய ஹொக்கி அணி அங்குப் பயிற்சியாட்டமொன்றில் ஜெர்மானியரிடம் 1-4 எனத் தோற்றது. தியான் சந்த் என்னும் மேதை இருந்தும் தோல்வி! குறை அவரிடமன்று, அவருக்குத் துணைநிற்க வேண்டிய இடத்தில். உடனே இந்தியாவிலிருந்து அலி தாரா அழைக்கப்பட்டார். விமானமேறி வந்து அரையிறுதியில் ஆடினார். ஆகஸ்ட் 15ஆம் நாள் இறுதியாட்டத்தில் ஜெர்மனி 1-8 எனத் தோற்றது. தாராவும் கோல் போட்டார்.

ஆனால், அவர் பரிவினால் அழைக்கப்பட்டவரல்லர்; இன்ன இடத்துக்கு இன்னார் என்று அறிந்தே அழைக்கப்பட்டார். பரிவுக்காக மட்டும் ஒருவரை வைத்திருப்பது அவருக்கு இழிவு. காத்துநிற்கும் இளைஞனுக்கு அநீதி.

பேச்சு முடிந்து திரும்பினேன். அந்த ஆட்டக்காரரே சற்றுத் தள்ளிச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார். மாணாக்கர் தலைகுனிந்தனர்.

"நான் ஆட வரவில்லை, தம்பிமாரே. எனக்குத் தெரிந்ததைச் சிறுவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகவே வந்தேன்" என்றார் அவர்.

இன்ன இடத்துக்குத் தாம் என்பதை அவர் எங்களுக்கு முன்னரே அறிந்திருந்தார்.