ஓட்டு நாளும் கூலியும்

ஓட்டுப் போடும் நாளில் வேலையாட்களுக்கு லீவு விடுவதை ஏதோ தரும கைங்கரியம் போல் முதலாளிமார் சிலர் பேசி வருகிறார்கள். அது தருமமல்ல, சட்டம். 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996-ல் சேர்க்கப்பட்ட 135பி பிரிவின்படி, பார்லிமெண்டு, சட்டசபைத் தேர்தல்களில் ஓட்டுள்ள சிப்பந்திக்கு அன்று லீவு விடவேண்டும்; சம்பளம் பிடிக்கக்கூடாது. தினக்கூலி வாங்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் அன்றைய கூலி உண்டு.

ஆயுத பூஜையன்று இரும்புக்குச் சந்தனம் பூசிக் கடையைச் சாத்துகிறவருக்கு, அந்த இரும்பைப் பிடிக்கும் கை ஓட்டுப் போடப் போனால் மாத்திரம் நஷ்டக் கணக்கு ஞாபகம் வருவானேன்?

மீறினால் அபராதம் 500 ரூபாய் வரையிலாம்! இன்று ஒரு கொத்தனாரின் ஒரு நாள் கூலிக்கும் அது காணாது. போதாக்குறைக்கு, ஆள் வராவிட்டால் ஆபத்தோ பெருநஷ்டமோ நேரும் வேலைகளுக்கு விலக்கு வேறு. ஆபத்து சரி, பெருநஷ்டம் என்று எந்த முதலாளிதான் சொல்லமாட்டார்?

1920-ல் சென்னை மாகாணத்தில் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே ஓட்டு இருந்தது. கூலிக்காரர் எல்லோரும் ஓட்டுப் போட்டது 1952 பொதுத் தேர்தலில்தான். கூலி போய்விடுமென்று பயந்து அவர் வேலைக்கே போய்விட்டால், பழைய சொத்து நிபந்தனை கொல்லைப்புறமாக வந்துவிட்டதென்றே அர்த்தம். ஆகவே அபராதத்தைத் தலைக்கு இவ்வளவு நாள் கூலியென்று உயர்த்தும்படி, ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொரு அபேட்சகரையும் தோழர்கள் கேட்கவேண்டுகிறோம்.