எரிமலைக் கற்களின் நடுவே ஒரு தோட்டம்



திருப்பூணித்துறையிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வேலைக்குச் செல்லும் நம்மவர்களுக்கு, அங்குள்ள பண்டகசாலைகளின் கிராம்பு, ஜாதிக்காய் வாசனை புதிதல்ல. 1663 முதல் 1795 வரை கொச்சிக் கோட்டையைக் கைவசம் வைத்திருந்த டச்சுக்காரர், இவ்விரு பயிர்களும் கீழ்த்திசையிலுள்ள மொலுக்காஸ் தீவுகளை விட்டு வெளியே செல்லாதபடி கடுங்காவல் செய்தனர். பியேர் புவாவ்ர் என்னும் பிரெஞ்சு அதிகாரி அக்காவலை மீறி, 1770ஆம் வருஷத்தில் அவற்றின் கன்றுகளை இரகசியமாய்க் கொண்டுவரச் செய்தார். அவை நடப்பட்ட ஸ்தலமே மொரீஷியஸ் தீவிலுள்ள பாம்பிள்மூஸ் தோட்டம்.

அங்கே ஒரு குளம் முழுவதும் தாம்பாளம் போன்ற இலைகளையுடைய இராட்சத அல்லிகள் மிதக்கின்றன. கேரளத்தார் குடப்பனை என்றழைக்கும் தாளிப்பனையும் உண்டு. அது பல பத்து வருஷங்கள் வளர்ந்து, ஒரே முறை பூத்து, மடிந்துபோகும்.

தீவு முழுவதும் எரிமலையால் உண்டானதே. கியூர்பீப் நகரில் ஏறத்தாழ 300 மீட்டர் அகலமுள்ள எரிமலை வாய் மரங்கள் அடர்ந்து அமைதியாயிருக்கிறது. அதைச் சுற்றி ஜனங்கள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள்! ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இதமான குளிர். ஜனவரி முதல் மார்ச் வரை புயற்காலமாதலால் அப்போது பிரயாணத்தைத் தவிர்ப்பது நலம்.

ஆயினும் தோட்டத்தை மாத்திரம் பார்த்துத் திரும்புகிறவர் பாதியையே பார்த்தவராவார். கரும்புத் தோட்டங்களின் நடுவே கருங்கற்கள் குன்றுபோல் குவிந்து கிடக்கும். எரிமலை கக்கிய அக்கற்களைப் பொறுக்கியெடுத்தால்தான் அந்நிலத்தில் கரும்பு விளையும். பொறுக்கிய கரங்கள், முதலில் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளுடையவை. பின்பு நம் தேசத்துக் கூலிகளுடையவை. 1834 முதல் ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாய் அங்கே இறங்கினர். தமிழரும் அவர்களில் அநேகர். போர்ட் லூயி துறைமுகத்தில் அவர்கள் ஏறிச்சென்ற 16 கற்படிகள் இன்றும் இருக்கின்றன. ஆப்பிரவாசி காட் என்னும் அவ்விடத்தை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்கு, அல்லிக்குளத்தைக் காட்டிலும் அப்படிகளே அதிகம் பேசும் என்பது என் எண்ணம்.

அத்தீவின் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. 1998இல் அதன் வரிசையை மாற்றி அச்சிட்டபோது தமிழர் எதிர்த்ததினால், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல் மொழியே.