கடைசி வரிசைத் தோழன்

வகுப்பில் ஆசிரியர் ஒரு மாணவனை எழுப்பிப் பாடத்தைப் படிக்கச் சொல்கின்றார். அவன் முதல் வரியிலேயே தடுமாறுகின்றான். 'பட்டம்' என்பதைப் 'படம்' என்கின்றான். ஒரு சொல்லை விட்டு அடுத்த சொல்லுக்குத் தாவுகின்றான். வரியைத் தவறவிட்டு விரலால் தேடுகின்றான். பின்னால் சிரிப்பொலி எழுகின்றது. அவன் தலை குனிந்து அமர்கின்றான். ஆனால் அதே மாணவன், ஆசிரியர் வாயால் சொன்ன வரலாற்றுப் பாடத்தை ஒன்றும் விடாமல் திருப்பிச் சொல்வான். மிதிவண்டியைப் பிரித்து மீண்டும் பூட்டுவான். மனக்கணக்கில் பிறரை முந்துவான். இவனை நாம் 'மக்கு' என்கின்றோம், 'சோம்பேறி' என்கின்றோம். இரண்டும் பொய்; பொய் என்பதோடு, ஒரு பிள்ளையின் வாழ்வையே கெடுக்க வல்ல சொற்களும் ஆகும்.

இத்தகைய பிள்ளையை மருத்துவ உலகம் அறிந்து நூறாண்டுகளுக்கு மேலாகின்றது. 1896-ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். அச்சிறுவன் அறிவுள்ளவன், கணக்கில் இடர்ப்படாதவன், கண் பார்வையும் குறைவற்றவன். ஆயினும் பல்லாண்டுப் பயிற்சிக்குப் பின்னும் எளிய சொற்களைக் கூட அவனால் படிக்க இயலவில்லை. பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே அவன்தான் மிகக் கெட்டிக்காரனாக விளங்குவான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார் என்பதையும் மார்கன் குறித்துள்ளார். இக்குறைபாட்டை இன்று 'டிஸ்லெக்சியா' என்கின்றனர். எழுதுவதில் மட்டும் இடர்ப்படுவோரும், எண்களில் மட்டும் இடர்ப்படுவோரும் உண்டு. இவையனைத்தையும் சேர்த்துக் கற்றல் குறைபாடு என்கின்றோம்.

இது மூளை ஒலியையும் எழுத்தையும் இணைக்கும் முறையில் உள்ள வேறுபாடு, அறிவின் குறைவன்று. நம் தமிழ் எழுத்தையே எண்ணிப் பாருங்கள். 247 எழுத்துகள், ஓசையில் நெருங்கிய ல, ள, ழ, ன, ண, ர, ற. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கின்றது. அதன் ஒலியோ பின்னே வருகின்றது. 'கொ' என்பதில் ஓர் உயிரின் குறி மெய்யின் இரு புறமும் பிரிந்து நிற்கின்றது. நமக்கு இவை பழகிப்போயின. அப்பிள்ளைக்கோ ஒவ்வொரு சொல்லும் ஒரு மலையேற்றம். மலையேறி இளைத்தவனை, 'ஏன் ஓடவில்லை?' என்று கேட்பது முறையாகுமா?

அப்படியானால் அவனைத் தனிப் பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்பர் சிலர். அது சரியான வழியன்று. தனிப் பயிற்சி சில வேளைகளில் அவனுக்குத் தேவைதான். ஆனால் அவன் நாளை வாழப்போவது நம் எல்லோருடனும். ஆதலின் அவன் கற்க வேண்டிய இடமும் நம் நடுவேதான். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவனுக்காக நேரம் செலவிட முடியுமா என்னும் கேள்வி எழலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் அவனுக்கு ஏற்ற முறைகள் பிறருக்கும் நன்மை தருவனவே. எழுத்தைக் கண்ணால் கண்டு, வாயால் சொல்லி, விரலால் வரைந்து ஒருங்கே கற்பது அவற்றுள் ஒன்று. இது நமக்குப் புதிதும் அன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லிக் கற்றனர். மேலும், நீண்ட சொல்லைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டலாம். முன்னறிவிப்பின்றி எழுப்பிப் படிக்கச் சொல்லாமல், படிக்க வேண்டிய பகுதியை முந்திய நாளே தரலாம். விடையை வாயால் சொல்ல இடமளிக்கலாம். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா, பொறுமையே வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காக இந்திய நாடாளுமன்றம் 2016-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்றுக்கொண்டது. தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுவதற்கு ஒருவரும் அளிக்க அது வழிவகுத்தது. இது பிற மாணவருக்கு அநீதியன்றோ என்று நீங்கள் கேட்கலாம். கண்ணாடி அணிந்து தேர்வு எழுதுபவனை ஏமாற்றுபவன் என்று எவரேனும் சொல்வதுண்டா? வரலாற்றுத் தேர்வு அளக்க விரும்புவது வரலாற்றறிவை. படிக்கும் வேகத்தை அன்று. எல்லோர்க்கும் ஒரே அளவுச் சட்டை தைப்பது சமத்துவம் ஆகாது. அவரவர்க்குப் பொருந்தும் சட்டை தருவதே சமத்துவம்.

2017-ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட சுவிட்சர்லாந்து அறிஞர் ஜாக் டுபோஷே இளமையில் டிஸ்லெக்சியா உடையவராக இருந்தவர். ஆயினும், நாளை பரிசு பெறுவான் என்பதற்காக நாம் ஒருவனுக்கு உதவ வேண்டியதில்லை. அவன் நம் வகுப்பில் ஒருவன். அந்த ஒரு காரணமே போதும்.

மாணவர்களே! சட்டம் நேரத்தைத் தரலாம். ஆசிரியர் முறையைத் தரலாம். ஆனால் தோழமையைத் தர உங்களால் மட்டுமே முடியும். அவன் தடுமாறும்போது சிரிக்காதிருங்கள். மாலையில் அவன் அருகே அமர்ந்து பாடத்தை ஒருமுறை உரக்கப் படியுங்கள். அவன் கேட்டுக் கற்பான். உங்களுக்கு விளங்காத கணக்கை அவனிடம் கேளுங்கள்; அவன் சொல்லித் தருவான். கொடுப்பவரும் கொள்பவரும் இருவரே ஆவீர்கள். கடைசி வரிசையில் தலை குனிந்து அமர்ந்தவன் தலை நிமிரும் நாளில்தான் உங்கள் வகுப்பு முழு வகுப்பாகும்.